வன்னியில் பெட்டி இழுக்க எந்த வண்டி: கெப்பா, பட்டாவா, ரக்ரரா, லான்ட்மாஸ்ரரா?

காலபோக நெல் விற்ற காசு கைக்கு வரும் மாசி, பங்குனியிலும், வெளிநாட்டுப் பிள்ளைகள் லீவில் வந்து நிற்கும் ஆடி, ஆவணியிலும் இந்தக் கேள்வி தவறாமல் வந்து சேரும். "அண்ணை, கனடாவில இருந்து தம்பி காசு அனுப்புறன் எண்டுறான். டபுள் கெப் ஒண்டு எடுத்துப் பின்னால பெட்டியும் பூட்டினா நெல்லும் ஏத்தலாம், தண்ணியும் இழுக்கலாம், மடுத் திருவிழாவுக்கு வீட்டோட போய் நிக்கவும் செய்யலாம். சரிதானே?"

ஒரே வண்டியில் மூன்று வேலை. (நம் பேச்சில் பெட்டி என்றால் பின்னால் பூட்டி இழுக்கும் ட்ரெயிலர், கெப் என்றால் பிக்கப், பட்டா என்றால் டாட்டா ஏஸ் சிறு லொறி, லான்ட்மாஸ்ரர் என்றால் இரண்டு சில்லு உழவு இயந்திரம்.) ஆசை நியாயமானதுதான். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டி இழுப்பது உங்களுக்குக் கிழமைதோறும் உள்ள வேலையென்றால் ரக்ரர் எடுங்கள். கெப்தான் வேண்டுமென்றால் பாரத்தை அதன் பின்தட்டிலேயே ஏற்றுங்கள், பெட்டியை மறந்துவிடுங்கள். கெப்பும் பெட்டியும் சேர்ந்து நன்றாகப் பொருந்துகிற வேலைகள் சில இருக்கின்றன. நெல்லும் தண்ணீரும் அதில் சேர்த்தி இல்லை.

## எதை வைத்து எடைபோடுவது

விலையில் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகள் என்ன விலைக்குப் போயின என்பது எல்லோரும் அறிந்தது. திறந்த பிறகும் வரி இறங்கவில்லை. விலை மாதத்துக்கு மாதம் ஆடும். ஆடாத விஷயங்களை முதலில் பார்ப்போம்.

முதலாவது பாரம். "கொஞ்ச நெல்", "ஒரு தாங்கித் தண்ணி" என்று சொல்லாமல் கிலோவில் சொல்லிப் பழக வேண்டும். நெல் மூட்டை ஒன்று ஏறத்தாழ 70 கிலோ. முப்பது மூட்டை 2,100 கிலோ. தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ என்பதால் 1,000 லீற்றர் தாங்கி நிறைந்தால் ஒரு தொன், தாங்கியும் பெட்டியும் அதற்கு மேலே. கச்சான் மூட்டை பார்க்கப் பெரிதாகத் தெரியும், தூக்கினால் இலேசு. பெட்டி விஷயத்தில் இந்த வேறுபாடு பிறகு நிறைய உதவும்.

இரண்டாவது வழி. ஏ9இலும், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ34இலும், பரந்தனிலிருந்து போகும் ஏ35இலும் எந்த வண்டியும் ஓடும். அதிலிருந்து இறங்கினால் கிரவல், கிரவலிலிருந்து வாய்க்கால் வீதி, அதற்குப் பிறகு வயல். ஐப்பசி முதல் மார்கழி வரை அந்தக் கடைசி அரை மைல்தான் வண்டியைத் தீர்மானிக்கிறது. உங்கள் வழியைப் பங்குனியில் பார்த்துவிட்டு வண்டி வாங்காதீர்கள், கார்த்திகையில் எப்படி இருக்கும் என்று யோசித்து வாங்குங்கள்.

மூன்றாவது தூரம். வயலிலிருந்து ஊருக்குள் இருக்கும் ஆலை வரையா, முத்தையன்கட்டிலிருந்து மாங்குளம் வரையா, வவுனியாவிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடித் தம்புள்ளைச் சந்தைக்கா?

நான்காவது, பலரும் கேட்காதது: நிறுத்த முடியுமா? இழுக்கிறதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். மணிக்கு 30 கிலோமீற்றரில் போகும் பாரத்தை நிறுத்துவதை விட 60இல் போகும் அதே பாரத்தை நிறுத்த நான்கு மடங்கு சக்தியைப் பிறேக் விழுங்க வேண்டும். ரக்ரர் பெட்டிகள் பிறேக் இல்லாமலே இத்தனை காலம் ஓடித் தப்பியதற்கு ரக்ரர் மெதுவாகப் போவதுதான் காரணம். அதே பெட்டியைக் கெப்பின் பின்னால் பூட்டி 60இல் போனால் கணக்கே வேறு.

கடைசியாக, ஓட்டுபவரின் அனுமதிப்பத்திரமும் தவணை கட்டும் காலமும். இலகு வாகனத்துக்கான பி வகுப்புப் பத்திரத்தோடு பூட்டக்கூடிய பெட்டிக்கு 750 கிலோ என்று எல்லை இருக்கிறது. ரக்ரருக்கு ஜி வகுப்பு வேண்டும், லான்ட்மாஸ்ரருக்கும் பத்திரம் வேண்டும். ஊருக்குள் ஆர் பார்க்கப் போகினம் என்று பலர் நினைக்கிறார்கள். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

## "3,500 கிலோ இழுக்கும்" என்றால் என்ன

புதிய தலைமுறை ஹைலக்ஸ், டி-மாக்ஸ், ரேஞ்சர் ஆகிய கெப்கள் 3,500 கிலோ இழுக்கும் என்று அவுஸ்திரேலியா போன்ற நாடுகளின் விற்பனைத்தாள்களில் இருக்கும். எல்200 தலைமுறைக்கு ஏற்பக் கொஞ்சம் குறையும். இணையத்தில் அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் கேள்வியோடு வருகிறார்கள். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது சொந்த பிறேக் உள்ள பெட்டிக்கான எண். பிறேக் இல்லாத பெட்டிக்கு அதே கெப்பின் எல்லை 750 கிலோ. நம் ஊர் வெல்டிங் கடையில் கட்டும் பெட்டியில் பிறேக் இருக்காது. ஆக 3,500 என்ற எண்ணைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்.

இதன் மறுபக்கத்தைக் கனடாவில் இருக்கும் தம்பிமார் நன்றாக அறிவார்கள். அங்கே கோடையில் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள பயணப் பெட்டியைப் பெரிய பிக்கப்பின் பின்னால் பூட்டிக் குடும்பத்தோடு ஏரிக்கரைகளுக்குப் போவது வழக்கம். எஃப்-150 போன்ற வண்டிகள் நான்கு தொன்னுக்கு மேல் இழுக்கும் என்று விளம்பரம் சொல்லும். ஆனால் சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சிறு தாளில், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது என்று வேறோர் எண் இருக்கும். அங்கேதான் இடிக்கும். பெட்டி 3,000 கிலோ என்று வைப்போம். அதன் எடையில் பத்து முதல் பதினைந்து வீதம் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி பின்னால் வாலாட்டும். 12 வீதம் என்றால் 360 கிலோ. ஐந்து பேர் ஏறினால் இன்னும் 375. மொத்தம் 735 கிலோ. தாளில் 700 என்று இருந்தால், இயந்திரம் பாதிப் பலத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி அளவுக்கு மேல் பாரம் ஏறியதாகிவிட்டது. இழுவைப் பலத்துக்கு முன்னால் சுமக்கும் எல்லைதான் தீர்கிறது.

நம் கெப்புக்கும் இதே கணக்குத்தான், இன்னும் ஒரு படி மோசம். கொக்கி பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை, அதற்கும் பின்னால் தள்ளி நிற்கிறது. அச்சிலிருந்து 1.2 மீற்றர் தள்ளி 100 கிலோ அழுத்துகிறது, முன் பின் சில்லுகளுக்கிடையே 3 மீற்றர் என்று வையுங்கள். பின் அச்சில் 140 கிலோ ஏறும், முன் அச்சில் 40 கிலோ குறையும். பாரம் பின்னால், பிடிமானம் முன்னால் இல்லை. மழையில் நனைந்த கிரவலில் ஸ்டியரிங் திருப்பியும் வண்டி நேராகவே போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

வீட்டிலேயே இதை அளக்கலாம். சிறு பெட்டியை ஏற்றிச் சமதரையில் நிறுத்தி, குளியலறைத் தராசு ஒன்றின் மேல் கட்டை வைத்து அதில் பெட்டியின் முன் கொக்கியை இறக்குங்கள். 700 கிலோப் பெட்டிக்குத் தராசு 70க்கும் 105க்கும் இடையில் காட்ட வேண்டும். 30 காட்டினால் மூட்டைகள் அச்சுக்குப் பின்னால் கிடக்கின்றன. இரண்டு மூட்டையை முன்னால் நகர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். பெரிய பாரமென்றால் அரிசி ஆலைகளில் இருக்கும் வாகனத் தராசில் ஏற்றி நிறுக்கலாம். சந்தேகத்தோடு ஓடுவதை விட அந்தச் சில்லறைச் செலவு மலிவு.

## டபுள் கெப்

ஊரில் மதிப்பு அதற்குத்தான், மறுக்க முடியாது. ஐந்து பேர் குளிரூட்டியோடு போகலாம், ஆஸ்பத்திரி அவசரத்துக்கு ஓடலாம், கலியாணத்துக்குப் போகலாம். பதிவில் இரட்டைப் பாவனை வாகனம் என்று வரும். தொண்டு நிறுவனங்கள் ஓடிவிட்டு விற்ற வெள்ளைக் கெப்கள் இன்றும் வன்னியில் நிறையச் சுற்றுகின்றன. 2.5, 3 லீற்றர் டீசல் இயந்திரங்கள் பழசானாலும் பராமரித்தால் சலிக்காமல் ஓடுபவை. ஹைலக்ஸ், எல்200 இரண்டுக்கும் கிளிநொச்சி, வவுனியாவில் மெக்கானிக்கும் சாமானும் கிடைக்கும். இந்தக் காரணத்துக்காகவே அபூர்வமான மொடல்களைத் தவிர்க்கச் சொல்வேன்.

ஆனால் இதில் பெட்டி பூட்டினால் என்ன இலாபம்? எல்லை 750 கிலோ. வெறும் பெட்டியே 250, 300 கிலோ. மிஞ்சுவது 450. அதாவது ஆறு மூட்டை நெல்! அந்த ஆறு மூட்டையைப் பின்தட்டிலேயே ஏற்றிவிட்டால் கொக்கியும் வேண்டாம், பெட்டிக்குத் தனிப் பதிவும் வேண்டாம், பின்னோக்கி எடுக்கும்போது பெட்டி மடங்குகிற தொல்லையும் இல்லை. ஐந்து பேரும் ஏறி, பின்தட்டிலும் ஏற்றி, பெட்டியும் பூட்டுகிற கணக்கு மட்டும் எந்தக் கெப்பிலும் சரிவராது.

பெட்டி பொருந்துவது எங்கே என்றால், பாரம் குறைவு, பருமன் அதிகம் என்கிற சாமானுக்கு. கண்ணாடியிழைப் படகு அதில் முதலாவது. நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் சிறு படகை வாடிக்கும் கரைக்கும், பழுது பார்க்கும் இடத்துக்கும் கொண்டுபோகக் கெப்பும் படகுப் பெட்டியும் அருமையான சோடி. விழாக்களுக்கு நாற்காலி, கூடாரத் துணி, சமையல் பாத்திரம் கொண்டுபோவதும் இந்த வகைதான். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு நாலைந்து நாள் கூடாரம் அடித்துத் தங்கும் குடும்பங்களுக்கு, ஆட்கள் கெப்பிலும் சாமான் சிறு பெட்டியிலுமாகப் போவது வசதி. கனடாத் தம்பி சொல்லும் பயணப் பெட்டிக்கு நம்மிடம் இருக்கும் கிட்டிய சொந்தம் அதுதான்.

படகு இழுப்பவர்களுக்கு ஒரு சொல். நான்கு சில்லு இயக்கம் உள்ள கெப் மணலிலிருந்து வெளியே வர உதவும், குறை கியர் வரிசையும் இருந்தால் கிளச் எரியாமல் தப்பும். மணலில் இறங்குமுன் ரயர்க் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் ரயர் அகலமாகிப் புதையாது. தாருக்கு ஏறியதும் மறுபடி அடிக்க வேண்டும், அதனால் சிறு பம்ப் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். உப்புத் தண்ணீரில் பின் சில்லு இறங்கினால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கீழ்ப்பக்கம் கழுவ வேண்டும். நான்கு சில்லு இயக்கம் புறப்படத்தான் உதவும், நிறுத்த உதவாது. சாதாரணக் கெப்களில் அதைக் காய்ந்த தார் வீதியில் போட்டு ஓடினால் கியர்ப்பெட்டிக்குத்தான் சேதம்.

மறைந்திருக்கும் செலவுகள்: பாரத்தோடு பின்னோக்கி எடுப்பதால் தேயும் கிளச், பின் ஸ்பிரிங் பட்டைகள், பிறேக் பாட். இவற்றை விடப் பெரியது லீசிங். தவணை மாதாமாதம் வரும். நெல் வருமானம் வருடத்துக்கு இரண்டு தடவைதான், சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் ஒரே தடவை. கார்த்திகை, மார்கழியில் கையில் ஒரு சதமும் இருக்காது, வயலுக்குப் பசளையும் வேண்டும். லீசிங்காரர் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். வெளிநாட்டுக் காசில் முழுதாக வாங்குபவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பாதிக் காசும் பாதி லீசிங்குமாக எடுப்பவர்கள் தம்பி மாதாமாதம் அனுப்புவானா என்று முதலே பேசிவிடுவது நல்லது. அந்தப் பேச்சு கொஞ்சம் சங்கடம்தான், ஆனால் பிறகு வரும் சங்கடம் பெரிது.

## சிங்கிள் கெப், மகேந்திரா வகை

என் பார்வையில் வன்னி விவசாயிக்குத் தெரிவதை விட அதிகம் பொருந்தும் வண்டி இது. ஆள் இருக்கை இரண்டு, மூன்று. அந்த இடமெல்லாம் பின்தட்டாகிவிடுகிறது. ஒரு தொன் அளவில் ஏற்றலாம், அதாவது பதினான்கு மூட்டை. அதுவும் பாரம் பின் அச்சுக்கு மேலேயும் சற்று முன்னாலும் உட்காருவதால் டபுள் கெப்பின் குட்டைத் தட்டைவிடச் சமநிலை நன்று. விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து கச்சான், பப்பாசி, வாழைக்குலை ஏற்றி வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஓடுபவருக்கு இதை விட நல்ல தெரிவு கிடையாது. திரும்பி வரும்போது பசளையோ சீமெந்தோ ஏற்றி வந்தால் ஹயர்க் காசும் வரும்.

குறை என்னவென்றால் வீட்டில் உள்ள எல்லோரையும் கூட்டிப்போக முடியாது. பின்தட்டில் ஆட்களை ஏற்றுவது சட்டத்துக்கும் ஆகாது, உயிருக்கும் ஆகாது. வெறும் வண்டியாக ஓடும்போது பின்பக்கம் இலேசாக இருப்பதால் நனைந்த கிரவலில் சில்லு வீணாய்ச் சுற்றும். மழைக்காலத்தில் வெறும் வண்டிக்கு இரண்டு மூட்டை மணல் அச்சுக்கு மேலே போட்டு ஓடுவது பழைய வித்தை, இன்றும் பலிக்கிறது.

## பட்டா

பட்டாவில் பெட்டி பூட்டுவதைப் பற்றி ஒரே வரி: வேண்டாம். இரண்டு சிலிண்டர், 702 கன சென்ரிமீற்றர், 16 குதிரைவலு உள்ள பழைய பட்டா, தன் முதுகில் 750 கிலோ சுமக்கச் செய்தது. அந்த வேலையை அற்புதமாகச் செய்யும். எரிபொருள் குறைவு, ஒழுங்கைக்குள் திரும்பும், சாமான் மலிவு. 2022இல் எரிபொருளுக்குப் பங்கீட்டு வரிசையில் நின்ற காலத்தில் பட்டாக்காரர்தான் ஓரளவு சமாளித்தார்கள். கடைக்குச் சாமான், மரக்கறி, மீன் பெட்டி, காஸ் சிலிண்டர் எல்லாம் அதன் வேலை. சேற்றில் இறக்கினால் சின்னச் சில்லு புதையும், பக்கத்து வீட்டு ரக்ரரைத்தான் கூப்பிட வேண்டிவரும்.

## நாலு சில்லு ரக்ரர்

வன்னியில் பெட்டி என்ற சொல்லைக் கேட்டதும் மனதில் வருவது ரக்ரர்தான், அதற்குக் காரணம் இருக்கிறது. மாசி பெர்குசன் 240, மகேந்திரா 575 மாதிரி 45 குதிரைவலுச் சுற்றில் இருக்கும் ரக்ரரின் பின்னால் முப்பது மூட்டைப் பெட்டி ஒரு விஷயமே இல்லை. பின் சில்லின் உயரமும் பல்லும், இரண்டு பின் சில்லையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் வித்தியாசப் பூட்டும் சேர்ந்து வேறு எந்த வண்டியும் போகாத சேற்றில் போகும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்கள் தண்ணீருக்குள் போனபோது ரக்ரரின் அருமை புரிந்தது.

உழவு, வரம்பு, தண்ணீர்ப் பவுசர், மண், விறகு, வைக்கோல், வீட்டுக்குக் கல் என்று வருடம் முழுக்க வேலை இருக்கும். விதைப்புக் காலத்தில் மற்றவர் வயலை உழுது கூலியும் எடுக்கலாம். தவணையைத் தானே கட்டிக்கொள்ளும் வாய்ப்பு இதற்குத்தான் அதிகம். பெட்டி இழுக்கும்போது மணிக்கு நான்கைந்து லீற்றர் டீசல் போகும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர், 25 வேகத்தில் இரண்டு மணித்தியாலம். அதாவது எட்டு, பத்து லீற்றர். ஆனால் ஒரே தடவையில் கெப்பை விட இரண்டு மடங்கு பாரம் போகிறது. பத்துக் கிலோமீற்றருக்குள் என்றால் ரக்ரரை ஒன்றும் மிஞ்சாது. ஐம்பதுக்கு மேல் என்றால் நேரமும் முதுகும் தாங்காது.

பெட்டியோடு ரக்ரர் ஓட்டுபவர் செய்ய வேண்டிய இரண்டு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ரக்ரருக்கு இடது, வலது என்று இரண்டு பிறேக் மிதி உண்டு. வயலில் சட்டெனத் திரும்ப அது தேவை. வீதிக்கு ஏறும்போது இரண்டையும் இணைக்கும் சின்ன நாக்கைப் போட்டே ஆக வேண்டும். போடாமல் பாரப் பெட்டியோடு ஒரு பக்க மிதியை அழுத்தினால் வண்டி அந்தப் பக்கம் இழுத்து மடிந்துவிடும். இரண்டாவது, பெட்டியைக் கீழே உள்ள இழுவைச் சட்டத்தில்தான் பூட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேல் உயரத்தில் எங்காவது கட்டி இழுத்தால் முன் சில்லு தூக்கி ரக்ரர் பின்னால் கவிழும். சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும்போது உயிர் போன சம்பவங்கள் இப்படித்தான் நடக்கின்றன.

இரவு ஓட்டம் வேறு பிரச்சினை. ஏ9இல் பின் விளக்கில்லாத பெட்டியும், பின்னால் வேகமாக வரும் பஸ்ஸும் என்றால் முடிவு எல்லோருக்கும் தெரியும். சிவப்பு மின்னொட்டியும் ஒரு சோடி விளக்கும் பெரிய செலவு இல்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுவுக்கோ பெட்டியில் ஆட்களை ஏற்றிப் போகும் வழக்கம் இன்னும் விடவில்லை. போக வேண்டுமென்றால் பஸ் பிடியுங்கள்.

## லான்ட்மாஸ்ரர்

இரண்டு சில்லு உழவு இயந்திரமும் சிறு பெட்டியும் என்பது ஏழை வீட்டு ரக்ரர் என்று சிலர் நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு ஏக்கர் வயலும் ஒரு தோட்டமும் உள்ள வீட்டுக்கு இது போதும். ஒரு தொன் அளவில் இழுக்கும், மணிக்கு ஒரு லீற்றர் சுற்றில்தான் டீசல் குடிக்கும், நீர்ப்பம்பும் இதனாலேயே ஓட்டலாம், ஊர் மெக்கானிக் மரநிழலில் வைத்து இயந்திரத்தையே கழற்றிப் பூட்டிவிடுவார். வேகம் 15 கிலோமீற்றர். அக்கராயனிலிருந்து கிளிநொச்சிச் சந்தைக்குப் போகலாம். யாழ்ப்பாணம் போக முடியாது.

ஓட்டுவது லேசாகத் தெரியும். குளக்கட்டிலிருந்து பாரத்தோடு இறங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது கைப்பிடிக் கிளச் தலைகீழாக வேலை செய்யும்: இடது பக்கத்தை அழுத்தினால் வண்டி வலது பக்கம் போகும். தெரியாதவர் பதற்றத்தில் இன்னும் இறுக அழுத்துவார். இறக்கத்துக்கு முன்பே குறை கியருக்கு வந்துவிட்டுக் கிளச்சைத் தொடாமல் கைப்பிடியாலேயே திருப்ப வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் பாரப் பெட்டியைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வண்டி | நிம்மதியாக ஏற்றும், இழுக்கும் அளவு | பொருந்தும் தூரம் | மழைக்கால மண்வழி | எங்கே இடிக்கும் |
|---|---|---|---|---|
| டபுள் கெப் | ஆட்களும் கொஞ்சச் சாமானும். பிறேக் இல்லாப் பெட்டி 750 கிலோவுக்குள் | எவ்வளவும் | நான்கு சில்லு இயக்கம் இருந்தால் ஓரளவு | தவணை, கிளச், பின் ஸ்பிரிங் |
| சிங்கிள் கெப் | பின்தட்டில் ஒரு தொன் | எவ்வளவும் | வெறும் வண்டி வழுக்கும் | குடும்பத்துக்கு இடமில்லை |
| பட்டா | முதுகில் 750 கிலோ, பெட்டி வேண்டாம் | ஊரும் பக்கத்துப் பட்டணமும் | புதையும் | சேறு, ஏற்றம் |
| ரக்ரர் | முப்பது மூட்டைப் பெட்டி | 10 கிலோமீற்றருக்குள் சிறப்பு, 50 எல்லை | எல்லாவற்றிலும் மேல் | வேகம், இரவு விபத்து |
| லான்ட்மாஸ்ரர் | ஒரு தொன் பெட்டி | ஊரும் கிட்டிய சந்தையும் | வயலில் நன்று | இறக்கம், தூரம் |

## எடுக்காமல் விடுவதும் ஒரு தெரிவு

பெட்டி இழுக்கும் வேலை வருடத்தில் இரண்டு அறுவடைக்கும் ஒரு திருவிழாவுக்கும்தான் என்றால் எதையும் வாங்காதீர்கள். அறுவடையன்று பக்கத்து ரக்ரரைக் கூலிக்குப் பிடியுங்கள், மற்ற நாளுக்கு மோட்டார் சைக்கிள் போதும். வாங்கிய ரக்ரர் கொட்டிலில் நின்றாலும் பற்றரி இறங்கும், ரயர் வெடிக்கும், வரிப்பத்திரமும் காப்புறுதியும் வருடாவருடம் வரும். ஆட்களும் பாரமும் இரண்டும் அடிக்கடி இருக்கிற வீடுகளில், டபுள் கெப்புக்குப் போகும் காசில் பழைய சிங்கிள் கெப் ஒன்றும் ஒரு நல்ல லான்ட்மாஸ்ரரும் எடுக்க முடியுமா என்று பாருங்கள். அண்ணன், தம்பி இரண்டு பேர் கூட்டாக எடுத்தால் இது நன்றாக ஓடும். எந்த நாள் யாருக்கு, பழுது வந்தால் யார் காசு என்பதை எடுக்கும் முன்பே பேசி முடித்துவிட்டால் மட்டும்.

## வாங்கப் போகிறவர் கையோடு பார்க்க வேண்டியவை

வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் ஓடிய கெப் என்றால் பின் சில்லுக்கு மேலே சேசிஸ் வளையும் இடத்தில் துரு இருக்கும். அங்கே புதுப் பெயின்ற் மட்டும் தனியாக மின்னினால் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள், மந்தமான சத்தம் வந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். கொக்கி சேசிஸோடு போல்ட் போட்டுப் பூட்டியிருக்க வேண்டும். பின் பம்பரில் வெல்டிங் செய்து ஒட்டிய கொக்கி ஒரு குழியில் போய்விடும், பெட்டி தனியாக ஏ9இல் ஓடும். அதனால் பாதுகாப்புச் சங்கிலி இரண்டு, குறுக்காகப் போட்டே பூட்டுங்கள்.

பெட்டிக்கும் தனி இலக்கம், தனிப் பத்திரம் வேண்டும். விற்பவர் "அது ரக்ரரோட வந்தது, பேப்பர் ஒண்டும் இல்ல" என்றால் ரக்ரரை மட்டும் விலை பேசுங்கள். வாங்கியதற்குப் பெயர் மாற்றாமல் திறந்த பத்திரத்தில் வைத்திருப்பதும் வேண்டாம். பழைய சொந்தக்காரர் வெளிநாடு போய்விட்டால் பிறகு கையொப்பத்துக்கு எங்கே போவது? ரயர்களில் எழுதியிருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டும் செய்த கிழமை, பின் இரண்டும் வருடம். பெட்டி ரயர்களில் அந்த வருடம் மிகப் பழசாகத்தான் இருக்கும், பட்டன் ஆழம் இருந்தாலும் மாற்றும் காசை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.